இரண்டு மூட்டை சிமெண்ட்

ஈரச் சிமெண்டின் வாசனை இன்று காலை உன் வீட்டு வாசலில் அடித்தது. உன் வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த வீடு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் அஸ்திவாரக் குழி தோண்டியிருக்கிறார்கள். உன் அம்மா பேருக்குப் புது வீடு ஒதுக்கீடாகியிருக்கிறது. மனு மேல் மனு கொடுத்து அலைந்த காலத்தில் யார் கண்ணுக்கும் தெரியாத கூரை, உன் மேல் விழுந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வேலைக்குக் கிளம்பியவளைக் கொத்தனார் நிறுத்தினார். கொல்லையில் நிற்கும் உன் தகரக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஏம்மா, அங்க வட்ட வட்டமா சிமெண்டுக் கல்லு கெடக்குதே, உடைச்சுக் குழியில போட்டுறவா? ஜல்லிக்குக் கொடுக்கிற காசு மிச்சம்."

"அத்தை வரட்டும்ணே, கேட்டுச் சொல்றேன்" என்றேன். நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா மில்லிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு உன் கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அத்தை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது. உடைக்கச் சொன்னால், ஊர் சொல்வதை அவரும் நம்புகிறார் என்று அர்த்தம். ஊர் சொல்வது இதுதான்: கூரைக்குப் போட வேண்டிய சிமெண்டை எடுத்து நீ ஜிம் கட்டினாய், அந்த ஜிம்தான் உன்னைக் கொன்றது. நீ போன பிறகு நான் அத்தையைத் தனியாகப் பார்ப்பதைத் தவிர்த்து வந்தேன். எதிரே வந்தால் வாய்க்கால் கரையில் இறங்கிவிடுவேன். அவர் கண்ணில் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

கல்லூரி முடிந்த வருஷத்தில் தொடங்கியது இது. கல்லூரியில் உனக்குப் பளு தூக்க ஒரு கம்பி இருந்தது. துருப்பிடித்த பழைய கம்பி என்றாலும் அளவெடுத்த எடைகள் இருந்தன, பலகை போட்ட மேடை இருந்தது. இறுதித் தேர்வு எழுதிய அன்றோடு எல்லாம் முடிந்தது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். நான் நீடாமங்கலத்தில் செல்போன் கடையில் சேர்ந்தேன். நீ உன் அம்மா வேலை செய்த அரிசி மில்லுக்கே போனாய். பட்டம் வாங்கியவள் அவித்த நெல்லைக் கூடையில் தூக்கிக் களத்தில் கொட்டினாய். மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு தாண்டுவதற்குள் அதை வாங்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் உன் கணக்கு. வேறு எந்தக் கனவும் உனக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது. கனவு காண்பதற்கு நீ ரொம்பக் களைத்திருந்தாய்.

டவுனில் ஜிம்முக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். கை முழுக்கப் பச்சை குத்திய பயிற்சியாளர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"லேடீஸ் டைம் பதினொண்ணுலேருந்து பன்னெண்டு. ட்ரெட்மில் இருக்கு, சைக்கிள் இருக்கு. வெயிட் குறைக்கத்தானே?"

"குறைக்க இல்லண்ணே, தூக்க" என்றாய் நீ. "கிளீன் அண்ட் ஜெர்க் பண்ணணும், நெஞ்சுக்குத் தூக்கி அங்கேருந்து தலைக்கு மேல. பார் கம்பி வேணும்."

அவர் சிரித்தார். "அந்தப் பார் பசங்களுக்கும்மா. கீழ போட்டா டைல்ஸ் உடைஞ்சுரும்." பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டார். "எந்தத் தெரு நீங்க?"

தெருவைச் சொன்னாய். சேர்க்கைக் கட்டணம் அந்த நொடியே ஏறிவிட்டது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "பதினொரு மணிக்கு வெட்டியா இருக்கிற பொம்பளைக்குத்தான்டி ஜிம்மு. நான் அந்நேரம் களத்துல நெல்லு கெளறிக்கிட்டிருப்பேன்."

அன்று சாயங்காலம் என் போனில் வீட்டிலேயே ஜிம் அமைப்பது எப்படி என்று தேடினோம். வெள்ளைப் பனியன் போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு விளக்கினார். உங்கள் வீட்டில் உபயோகிக்காத அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார். அறை இல்லாவிட்டால் கார் நிறுத்தும் இடம் போதும் என்றார். நீ சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த ஆடு எழுந்து நின்றது. "உபயோகிக்காத அறையாம்டி! ஏன், உபயோகிக்காத சமையக்கட்டு ஒண்ணு இருந்தா அதையும் கேக்கச் சொல்லு." கடைசியில் அவர் சொன்ன விலைக்கு நாம் இரண்டு பேரும் ஒரு வருஷம் சாப்பிடாமல் வேலை பார்த்தாலும் பாதி தேறாது. குறைந்த செலவில் என்று தலைப்புப் போட்டிருந்தார் அந்த ஆள். குறைந்த செலவு என்பதும் ஒரு ஜாதிதான். அதற்குள்ளும் நமக்கு இடம் இல்லை.

முதலில் பழைய இரும்புக் கடையில் தண்ணீர்க் குழாய் ஒன்று வாங்கினோம். அது சில நாளிலேயே காவடி போல வளைந்துவிட்டது. பிறகு நீ மில் மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் பழைய இயந்திரத்தில் கழற்றிப் போட்டிருந்த தண்டு ஒன்றை எடை விலைக்கு வாங்கினாய். அதைப் பஸ் கூரையில் ஏற்றி, முனைகளைக் கடையத் தஞ்சாவூர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். "எதுக்கும்மா இது, மாட்டு வண்டிக்கா?" என்று கேட்ட லேத்காரரிடம் நீ செய்து காட்டினாய். அவர் பட்டறை நடுவில், பஸ் தூசியோடு, வெறுங்கையால் இல்லாத கம்பியை நெஞ்சுக்குத் தூக்கி, ஒரு கால் முன்னே போட்டுத் தலைக்கு மேல் நீட்டி நின்றாய். அவர் கூலியைப் பாதியாகக் குறைத்தார்.

எடைக்கு இரும்பு வாங்க வழியில்லை. அப்போதுதான் சிமெண்ட் யோசனை வந்தது உனக்கு.

இரண்டு மூட்டை. அது வீட்டுக்கு வந்த அன்று நடந்ததைத்தான் ஊர் இன்னும் பேசுகிறது, ஏனென்றால் அத்தை தெருவே கேட்கக் கத்தினார்.

"மேல பாருடி! கம்பி பல்ல இளிக்குது. மழைக்காலம் வந்தா சட்டி பானையெல்லாம் ஒழுக்குக்குப் பத்தல. இந்தச் சிமெண்ட அதுல பூசாம, வட்டமா ஊத்தித் தூக்கி விளையாடப் போறியாக்கும்?"

நீ மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினாய். கத்தவில்லை.

"ரெண்டு மூட்டையில கூரை நிக்காதும்மா. நான் நிப்பேன்."

அத்தை உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

அன்னக்கூடையிலும் உடைந்த பெயிண்ட் வாளியிலும் கலவையை ஊற்றினோம். நடுவில் ஓட்டைக்குப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. இறுகியதும் எடுத்து, விரிசல் விடாமல் இருக்க வாய்க்காலில் ஊறப் போட்டாய். மாடு குளிப்பாட்ட வந்தவர்கள், எந்தக் கோவில் தூணுக்கு அடிக்கல் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஊறியதை எடுத்துச் சைக்கிளில் வைத்து நேரே மில்லுக்குத் தள்ளிக்கொண்டுபோய், நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். சொட்டச் சொட்ட நிறுத்தோம். எண்ணைச் சிவப்புப் பெயிண்டில் எழுதினேன். பதினைந்து, பத்து, ஐந்து. என் கையெழுத்து. இதோ எதிரே இருக்கிறது.

வீட்டுக்குள் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "உள்ள வெச்சா உத்தரம் நம்ம தலையில எறங்கும்" என்றாய். தமாஷாகத்தான் சொன்னாய். அதனால்தான் கொல்லையில் தகரம் போட்டோம். நம் மண் மழையில் வீங்கும், வெயிலில் வெடிக்கும், அதன் மேல் பலகை நிற்காது என்று மில்லில் சும்மா கிடைத்த உமியை மூட்டையாகக் கட்டி அடியில் அடுக்கி, அதன் மேல் லாரி டயர் ரப்பரை விரித்தாய். கம்பியைத் தலைக்கு மேலிருந்து போட்டாலும் தொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் கட்டியிருந்த ஆடு கூடத் திரும்பிப் பார்க்காது. இதை யாராவது கேட்டால் சொல்லக் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

விடியற்காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன் தினமும் தூக்கினாய். சொல்லித்தர ஆள் இல்லாததால் உனக்கு நீயே உரக்கச் சொல்லிக்கொள்வாய். "இடுப்ப எறக்கு. முதுக நிமித்து. எதிர பாரு." ஒவ்வொரு தடவையும் அதே மூன்று கட்டளை. என் வேலை எண்ணுவதும் திட்டுவதும். பிறகு நீ மில்லுக்குப் போய்ப் பகல் முழுக்கவும் தூக்குவாய். டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "மூட்டை தூக்கறவளுக்கு எதுக்கு ஜிம்மு?" இந்த ஊரில் அடுத்தவன் நெல்லைத் தூக்கினால் அதற்குப் பெயர் உழைப்பு. தனக்காகத் தூக்கினால் திமிர். நீ டீயைக் குடித்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையை ஒற்றைக் கையால் கொஞ்சம் தூக்கி இறக்கிவிட்டு வந்தாய். அவர் டீ வேட்டியில் கொட்டியது.

தஞ்சாவூரில் மாவட்டப் போட்டி. முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். நம் கொட்டகையில் அறுபது கிலோவை நீ தினமும் தூக்கிக்கொண்டிருந்தாய், தும்மிக்கொண்டே தூக்குவாய். அந்தத் தைரியத்தில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் தொடக்கமே அறுபது என்று எழுதிக் கொடுத்தோம். பளபளக்கிற கம்பி, நிறம் நிறமாக ரப்பர் எடைகள். போனாய், குனிந்தாய், இழுத்தாய். கம்பி உன் நெஞ்சுக்கு வரவில்லை. தொடைக்கு மேல் வந்து, ஒரு கணம் நின்று, கீழே விழுந்தது.

மேடையிலிருந்து இறங்கி வந்தபோது உன் முகம் வெளிறியிருந்தது. "இது அறுபது இல்லடி. ஏமாத்துறாங்க." நானும் அப்படித்தான் நினைத்தேன். நம்மை எங்கே எடை போட்டாலும் ஏமாற்றுவார்கள் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். புகார் சொல்ல எழுந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். உன் உதடு கோணியது. அழப்போகிறாய் என்று நினைத்தேன். சிரித்தாய்.

"நம்ம கல்லு காஞ்சிருச்சுடி."

எனக்கு அப்போதும் புரியவில்லை.

"ஊற ஊற நிறுத்தோம்ல? நெல்லுல ஈரம்னு சொல்லி மூட்டைக்கு மூட்ட கழிக்கிறானேன்னு ஆயுசு பூரா திட்டுறோம். நம்ம ஈரத்த நாமளே எடை போட்டு ஏமாந்திருக்கோம் பாரு."

ஈரம் கழிப்பதைப் பார்த்தே வளர்ந்த இரண்டு பேர். கல்லுக்கும் அது உண்டு என்று தோன்றவில்லை. கொட்டகையில் நீ தூக்கியது அறுபதே இல்லை. அந்த எடையை அன்று வரை நீ தொட்டதே கிடையாது. எடையைக் குறைக்க விதி இல்லை. மிச்சம் இருந்த இரண்டு வாய்ப்பும் அதே அறுபதுக்குத்தான். வேண்டாம், வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். நீ சுண்ணாம்புப் பொடியைக் கையில் தடவிக்கொண்டிருந்தாய்.

"தெரியாம தூக்கப் போனேன், வரல. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல."

இரண்டாவது முறை போனாய். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. இடுப்பு, முதுகு, எதிரே. கம்பி நெஞ்சுக்கு வந்தது. அங்கிருந்து தலைக்கு மேல் போனபோது உன் கால் நழுவியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நின்றுகொண்டிருந்தாய். கம்பியை இறக்கலாம் என்று நடுவர் கையை அசைத்தார். நீ இறக்கவில்லை. மறுபடி அசைத்தார். நின்றாய். கூட்டத்தில் சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். வாழ்க்கை பூராவும் தூக்கியதை உடனே கொட்டிவிட்டு அடுத்த நடைக்கு ஓடியவள் நீ. சும்மா தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க யாரும் உனக்கு நேரம் கொடுத்ததில்லை. அதனால்தான் நின்றாய் என்று நான் நினைக்கிறேன். கேட்டிருந்தால், சிக்னலைப் பார்க்கலடி என்று சொல்லியிருப்பாய்.

இரண்டாம் இடம். மாநிலப் போட்டிக்குத் தேர்வு. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வந்தாய். உன் தலை என் தோளில் முட்டிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை. விடாமல் கொட்டியது, நட்ட வயலெல்லாம் ஏரி மாதிரி நின்றது. களத்தில் நெல் காயாததால் மில்லில் வேலை இல்லை. அன்று மதியம் நீ உள்ளே படுத்திருந்தாய். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அதை எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் மேல் கிடந்த கூரைத் தளத்தைத் தூக்க ஆட்கள் திணறினார்கள். அடிபிடித்து எப்படித் தூக்குவது என்று தெரிந்த ஒரே ஆளான நீ அதன் அடியில் இருந்தாய்.

மறுநாள் வந்த அதிகாரி குடையோடு கொல்லைக்குப் போனார். சிமெண்ட் கற்களைக் காலால் தள்ளிப் பார்த்தார். "இதெல்லாம் வெச்சுக் குதிச்சா வீடு தாங்குமா?" என்று கூட வந்தவரிடம் கேட்டார். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். எத்தனையோ வருஷத்து ஒழுகலும் துருவும் மனுக்களும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அடியில் போய்விட்டன. மாலைக்குள் தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நம்மவர்களே சொன்னார்கள். இந்த வரிசை முழுக்க அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள், அவர்கள் வீட்டுக் கூரைகளும் அதே ஒப்பந்தக்காரர் அதே காலத்தில் கட்டியவை. உன்னைக் குறை சொன்னால்தான் அவர்களுக்கு அந்தக் கூரைக்குக் கீழே தூக்கம் வரும்.

இதுவரை எழுதியபோது அத்தை வந்துவிட்டார்.

இப்போது சாயங்காலம். மிச்சத்தை என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொத்தனார் மறுபடி கேட்டார். அத்தை கூடையை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குள் வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார், குனிந்து அதன் மேலிருந்த ஆட்டுப் புழுக்கையைத் தட்டிவிட்டார்.

"உடைக்காதீங்கண்ணே. ஜல்லி வாங்கிக்கலாம்."

"கூடுதலாகும்மா."

"ஆகட்டும்."

கொத்தனார் போன பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏன்டி, என்னைக் கண்டா வாய்க்கால்ல எறங்குறியே, இந்தச் சிமெண்டுக்கா?"

தலையை ஆட்டினேன்.

"பைத்தியம். ரெண்டு மூட்டையில கூரை நிக்காது. அவதான் அன்னிக்கே சொல்லிட்டாளே. கத்தினேன்தான். இல்லாதவ கத்தாம என்ன பண்ணுவா? அதுக்காக அவன் குடையப் புடிச்சுக்கிட்டு வந்து சொன்னா நான் நம்பிருவேனா?"

இங்கே வேலை நடக்கும், கல் கிடந்தால் உடைந்துவிடும், என் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். புடவைத் தலைப்பைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். "தூக்கி விடு." பதினைந்து என்று எழுதிய கல்லை நான் தூக்கி அவர் தலையில் வைத்தேன். அவர் நடந்தார். நான் சின்னக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்றுதான் அவர் மெதுவாக நடந்தார் என்று நினைக்கிறேன். நடைக்கு நடை போய் வந்து எல்லாவற்றையும் கொண்டுவந்தோம். கடைசி நடையில் கம்பியை ஆளுக்கொரு முனை பிடித்து எடுத்துவந்தோம்.

"வீட்டுக்குள்ள வைக்காத" என்றார், எங்கள் கூரையில் தெரியும் கம்பிகளைப் பார்த்து. கொல்லையில் உமி மூட்டைகளை அடுக்கி, ரப்பரை விரித்தோம். திங்கட்கிழமை அவரும் நானும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம், இந்த வரிசையில் மிச்சமிருக்கிற எல்லா வீட்டுக்காகவும். அது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. போவோம்.

கம்பியில் ஆளுக்கொரு கல்லை மாட்டினோம். நான் இதுவரை இதைத் தூக்கியதே இல்லை, உனக்கு எண்ணிச் சொன்னவள் மட்டும்தான். சும்மா பிடித்துப் பார்த்தேன். உன் கை தேய்த்த இடம் வழவழப்பாக இருந்தது. இழுத்தேன். அசையவில்லை.

அத்தை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீ தூக்கிய காலத்தில் கொட்டகைப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்.

"இடுப்ப எறக்குடி" என்றார். "முதுக நிமித்து. எதிர பாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு எத்தனை விடியலில் அதைக் கேட்டிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. இடுப்பை இறக்கினேன். முதுகை நிமிர்த்தினேன். எதிரே பார்த்தேன், நட்ட பயிர் பச்சை கட்டியிருந்தது. கம்பி தரையை விட்டுக் கிளம்பியது.